சிங்கத்தின் கண் வழியே ஒரு கோடு

கத்தி இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் இல்லைதான். திரையின் இடது ஓரத்துப் பட்டையில் அம்புக்குறி இருக்கிறது, பேனா இருக்கிறது, தூரிகை, கட்டம், வட்டம், நட்சத்திரம், எழுத்து, வண்ணம் கொட்டுகிற வாளிகூட இருக்கிறது. வரைவதற்கு வேண்டியதெல்லாம் அடக்க ஒடுக்கமாக வரிசையில் நிற்கிறது, வரைந்ததை வெட்டுவதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. கத்தியும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. எங்கேயாவது மடித்து உள்ளே வைத்திருப்பார்களோ என்று சுகிர்தா பட்டையின் அடியில் இருந்த சின்ன முக்கோணத்தை அழுத்தினாள். நேற்றும் இப்படித்தான் அழுத்திப் பார்த்தாள். உள்ளே இருந்தது சுருள் வரைகிற கருவி. யாருக்கு வேண்டும் சுருள். பின்னால் சேலைத் தொட்டிலின் ஸ்பிரிங் ஒரு தடவை கிறீச்சிட்டது, அவளுடைய மூச்சு அதோடு நின்று, அது அடங்கின பிறகுதான் திரும்பி வந்தது. தூங்கு சாமி, இன்னும் கொஞ்சம் தூங்கு, அம்மா ஒரு சிங்கத்தை ரெண்டாகப் பிளக்க வேண்டியிருக்கிறது. சிங்கம் அவள் வரைந்ததுதான். ஒரு டூரிஸ்ட் வேனின் பக்கவாட்டுக்கு, ஆள் உயரத்துக்கு, பிடரி பறக்க, வாய் மூடிய சிங்கம். வாய் திறந்த சிங்கம்தான் எல்லா வண்டியிலும் இருக்கிறது, இது மூடிக்கொண்டு பார்க்கட்டும் என்று அவளாக யோசித்து வரைந்தது. முகத்தில் பாதி கதவு மேல் வரும், மீதி வண்டியின் உடம்பு மேல். கதவைத் திறந்தால் சிங்கம் கிழியக்கூடாது என்பதால் கதவு விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே முன்கூட்டியே அதை வெட்டி ரெண்டு துண்டாக அனுப்ப வேண்டும், அப்போதுதான் கடையில் இருக்கிற மெஷின் ஸ்டிக்கர் ரோலைச் சரியாக அறுத்துக் கொடுக்கும். வேன் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்துவிடும். கதவு விளிம்பு, பார்த்துப் பார்த்து, சிங்கத்தின் கண் வழியாகப் போகிறது.

மத்தியானம் புருஷன் பூபதி போனில் சொன்னது இன்னும் காதுக்குள் கிடக்கிறது. "அம்மிணி, நீ வரைஞ்சு மட்டும் அனுப்பு. வெட்டறத மோனிஷா பாத்துக்கும். அதுக்கு ஒரே இழுப்பு." ஒரே இழுப்பு. சொல்லும்போதே அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததா, இல்லை, இவளாகப் போட்டுக்கொண்டதா. "நானே வெட்டி அனுப்பறனுங்க" என்றாள். "அதுலதான் கத்தி இல்லைன்னயே?" "இல்லாட்டி என்னங்க." "அப்புறம் எப்படி, பல்லுல கடிச்சா?" என்று சிரித்தார். அவர் எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான், அதில் ஒன்றும் இல்லை, ஆனால் சிரிப்புக்குப் பின்னால் கடையில் இன்னொரு சிரிப்பும் கேட்டது, மெல்லிசாக, நாற்காலி உருளும் சத்தத்தோடு. அது இவளுடைய நாற்காலி. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பின்னால், தகர ஷீட்டும் பெயிண்டும் மணக்கிற சந்தில், அந்தக் கடையை ரெண்டு பேருமாகத்தான் போட்டார்கள். அவர் ஒட்டுவார், இவள் வரைவாள். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது விலை கூடின மென்பொருள், வருஷா வருஷம் காசு கட்டினால்தான் திறக்கும், அதில் கத்தி இருக்கிறது, குட்டியாக, பிடியோடு, சமையலறைக் கத்தி மாதிரியே படம் போட்டு. வயிறு மேசையில் இடிக்க ஆரம்பித்தபோது பூபதி வீட்டுக்கு இந்த லேப்டாப்பையும் ஒரே தடவை காசு கட்டினால் போதும் என்கிற இந்த மலிவு மென்பொருளையும் வாங்கிக் கொடுத்தார், வீட்டிலிருந்தே பார்க்கலாம், அலைச்சல் இல்லை என்று. நல்ல மனசோடுதான். அந்த நல்ல மனசோடுதான் மோனிஷாவையும் வேலைக்குச் சேர்த்தார். பையனுக்கு மூணு மாசம் ஆனபோது ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். மோனிஷா இவளைவிடக் குள்ளம், நாற்காலியை மேலே ஏற்றிவிட்டிருந்தாள், கால் பூமியில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது. நகத்தில் வெளிர் ஊதாப் பூச்சு, எல்லா நகமும் ஒரே நீளம். இடது கையால் பார்க்காமலே ஒரு எழுத்தைத் தட்டினாள், வலது கையால் ஒரு இழுப்பு, ஒரு புலி ரெண்டாகப் பிரிந்து தனித்தனியாக நகர்ந்தது, ஒரு சொட்டுச் சேதாரம் இல்லாமல். பின்னால் நின்றிருந்த பூபதி "செம" என்றார். இவளுக்கு அவர் எத்தனையோ சொல்லியிருக்கிறார், நல்லாருக்கு, போதும், இதை விட என்ன வேணும், எல்லாம். செம சொன்னதில்லை. "அக்கா, குட்டி அப்படியே அண்ணா மாதிரி இருக்குதுங்க்கா" என்று மோனிஷா எழுந்து வந்து பையனின் கன்னத்தைத் தொட்டாள், அந்த ஊதா நகத்தோடு. அவரை அண்ணா என்று கூப்பிட்டால் இவளை அண்ணி என்றுதானே கூப்பிட வேண்டும். இவளை அக்கா என்றால் அவர் என்ன முறை ஆகிறார். வண்டியில் திரும்பி வருகிற வழியெல்லாம் இந்தக் கணக்கிலேயே வந்தாள், மாயனூர் கதவணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பூபதி கை நீட்டிக் காட்டியது எதுவும் கண்ணில் ஏறவில்லை.

சரி, வேலையைப் பார். கத்தி இல்லாவிட்டால் கழித்தல் இருக்கிறது. இந்த மென்பொருளை வைத்திருக்கிறவர்கள் இணையத்தில் பேசிக்கொள்கிற இடத்தில் அவள் தேடிப் பார்த்திருக்கிறாள். கத்தி எங்கே, கத்தி எங்கே என்று உலகத்தில் யார் யாரோ வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் வரலாம் என்று ஒருத்தர் பதில் எழுதியிருந்தார், அந்த அடுத்த பதிப்பு வந்து அதற்கடுத்ததும் வந்தாகிவிட்டது. இன்னொருத்தர், வரைகிற மென்பொருளில் உங்களுக்குக் கத்தி எதற்கு என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மூணாவது ஆள் வழி சொல்லியிருந்தார்: மயிரிழை அகலத்துக்கு ஒரு நீளக் கட்டம் போடு, வெட்ட வேண்டியதன் மேல் வை, கழி என்று சொல், கட்டம் இருந்த இடம் காணாமல் போகும், ரெண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கும். வெட்டினது மாதிரிதான். ஆனால் கத்தி எதையும் எடுத்துக்கொள்வதில்லை, இது ஒரு மயிரிழையை எடுத்துக்கொண்டுதான் பிரிக்கும். அதோடு ஒரு தடவைக்கு ஒரு துண்டைத்தான் கழிக்கத் தெரியும் இதற்கு, மொத்தமாகக் கொடுத்தால் எல்லாவற்றையும் உருக்கி ஒரே கட்டியாக்கிவிடுகிறது. சிங்கத்தின் பிடரியோ கற்றை கற்றையாக. கட்டத்தை நகல் எடு, ஒரு கற்றையைத் தொடு, கழி. நகல் எடு, அடுத்த கற்றை, கழி. மோனிஷா ஒரே இழுப்பில் போகிற இடத்துக்கு இவள் படி படியாக ஏறிக்கொண்டிருக்கிறாள், பையன் எப்போது எழுந்துகொள்வானோ என்று முதுகில் ஒரு காதை வைத்துக்கொண்டு. நகல், கற்றை, கழி. எழுந்தால் மறுபடி முகத்தைக் கீறிக்கொண்டிருப்பான். காலையிலேயே இடது கன்னத்தில் ஒரு கோடு, சிவப்பாக, நூல் மாதிரி. நகம் வளர்ந்துவிடுகிறது அவனுக்கு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, காகிதம் மாதிரி மெல்லிசாக, ஆனால் அறுக்கிறது. பூபதி கேலிக்குச் சொன்னது நிஜம்தான், அவள் பல்லால் கடித்துத்தான் எடுக்கிறாள், ஒவ்வொரு விரலாக வாயில் வைத்து, நாக்கால் சதை எங்கே நகம் எங்கே என்று பார்த்துப் பார்த்து. நகவெட்டி வீட்டில் இல்லை. இருக்கிறது, இல்லை.

அதுவும் மற்றதோடு பரண் மேல் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டாவுக்குள், பழைய பெட்ஷீட்டில் சுற்றி, சமையலறைக் கத்தி, சின்னக் கத்தி, அருவாமனை, துணி வெட்டுகிற கத்தரி, நகவெட்டி, பூபதியின் ஷேவிங் பிளேடு பாக்கெட். அம்மா கூட இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அம்மா ஊருக்குப் போன பிறகு ஒரு காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், பையன் தரையில் பாய் மேல் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான், அழக்கூட இல்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தான், அப்போது அந்த நினைப்பு வந்தது. எங்கிருந்து என்று தெரியாது. கையில் இருக்கிற இதும் அங்கே கிடக்கிற அதும், என்று ஆரம்பித்தது, அதற்கு மேல் அவள் அதை முடிக்க விடவில்லை, கத்தியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள், உள்ளே பையன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளைவிட அவனை நேசிக்கிறவர்கள் யாரும் இருக்க முடியாது, அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அது வந்ததே. அவள் படித்த கான்வென்ட்டில் தையல் வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் அமலா கத்தரிக்கோல்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பார், ஒவ்வொன்றாக எண்ணி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை ஜெபமாலையோடு இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார். அதே சிஸ்டர்தான் மாரல் சயின்ஸும் எடுத்தார். பாவம் கையால் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள் பிள்ளைகளே, மனசுக்குள் நினைத்தாலே செய்த மாதிரிதான், என்று மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொல்வார், திட்டுகிற குரலில் இல்லை, அதனால்தான் மறக்கவில்லை. நினைத்தாலே செய்த மாதிரி. அப்படியானால் அவள் செய்துவிட்டாள். யாரிடம் போய்ச் சொல்வது. பூபதியிடம் சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று பலமுறை வரைந்து பார்த்திருக்கிறாள், அந்த ஒரு படம் மட்டும் அவளுக்கு வரவில்லை. கோபப்பட மாட்டார். மெதுவாகக் குழந்தையை வாங்கிக்கொள்வார். கொஞ்ச நாள் உங்க அம்மாகிட்ட இருந்துட்டு வா என்பார், நல்ல மனசோடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது வருவார்கள். நாற்காலிக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டாள், தொட்டிலுக்கும் ஆள் வந்துவிட்டால் பிறகு சுகிர்தா என்று ஒருத்தி எங்கே உட்காருவது. அதனால் அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி எல்லாவற்றையும் அண்டாவுக்குள் போட்டுவிட்டாள். சாயங்காலம் பூபதி "கத்தி எங்க?" என்றபோது "காணோமுங்க" என்றாள். புதுக்கத்தி வாங்கி வந்தார். அதுவும் மூணு நாளில் காணாமல் போனது. "நம்ம ஊட்டுல கத்திக்கு மட்டும் காலு மொளைக்குதா?" என்று தேடிப் பார்த்துவிட்டு, பிளேடு பாக்கெட்டும் இல்லாததைப் பார்த்து, அதற்கப்புறம் கேட்கவில்லை. சலூனுக்குப் போய்விட்டு வந்தார். மூணாவது கத்தி வாங்கவில்லை.

நகல், கற்றை, கழி. அதற்கப்புறம்தான் டப்பா வர ஆரம்பித்தது. கீரையும் முட்டையும் பருப்பும், கையால் ஒடிக்கிற பீன்ஸும்தான் சாப்பாடு என்று ஆன பிறகு, ஒரு நாள் பச்சை மூடி போட்ட டப்பாவில் நறுக்கின பீன்ஸ். மறுநாள் வெண்டைக்காய். அப்புறம் கேரட், முட்டைக்கோஸ். "கடையில வெட்டினதுதான்" என்று மேசையில் வைத்தார், அவ்வளவுதான் சொன்னார், யார் வெட்டியது என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதே இல்லை, டப்பாவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. எல்லாத் துண்டும் ஒரே அளவு. எல்லாம் ஒரே சாய்வு. தப்பே இல்லாத கை. மெஷின் ஓடுகிற நேரத்தில் வேறு வேலை இல்லாமல் கால் ஆட்டிக்கொண்டே வெட்டியிருப்பாள், அந்த ஊதா நகங்கள் ஒவ்வொரு பீன்ஸையும் பிடித்திருக்கும், காம்பைக் கிள்ளியிருக்கும். அண்ணா, அக்காவுக்கு நான் வெட்டித் தர்றேனுங்ணா, பாவம், கைக்குழந்தை. பாவம் என்று சொல்லியிருப்பாள். சுகிர்தா அதை வதக்கித் தேங்காய் போட்டு இறக்குவாள். வேறு வழி இல்லாமல் தின்பாள், ருசியாகத்தான் இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல். அவள் வெட்டின காயைத் தின்று இவளுக்குப் பால் ஊறுகிறது, அந்தப் பாலைப் பையன் குடிக்கிறான். யோசித்துக்கொண்டே போனால் இந்த வீட்டில் வெட்ட வேண்டியது எல்லாவற்றையும் மோனிஷாதான் வெட்டுகிறாள், புலியை, சிங்கத்தை, பீன்ஸை. ஒரு நாள் ஆத்திரத்தில் டப்பாவைக் குப்பையில் கொட்டப் போனாள், கொட்டவில்லை. ஒரு பெண் கத்தியைக் கையில் எடுக்கிறாள், வேலையை முடிக்கிறாள், கீழே வைக்கிறாள், போய்க் காபி குடிக்கிறாள். நடுவில் ஒன்றும் வருவதில்லை அவளுக்கு. சுகிர்தாவுக்குப் பொறாமை அவள் அழகு மேலோ புருஷன் "செம" சொன்னது மேலோகூட இல்லை, கடைசியில் உடைத்துப் பார்த்தால் இந்த ஒன்றின் மேல்தான். கத்தி வெறும் கத்தியாக இருக்கிற கை. தனக்கும் அப்படித்தானே இருந்தது. போன வருஷம் இதே நேரம் பலாப்பழம் அறுத்துத் தெருவுக்கே கொடுத்தாள்.

பிடரி முடிந்தது. மீசை முடிந்தது, ஆறு இழை. மூக்குப் பாலம் முடிந்தது. கண் மட்டும் பாக்கி. அவள் மயிரிழைக் கட்டத்தைக் கொண்டுபோய்க் கண்ணின் மேல் நிறுத்தினாள், கருவிழிக்கு நடுவில், நேராக. சிங்கம் பார்த்தது. கழி என்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் அம்புக்குறி நின்றது. இது படம். இது ஸ்டிக்கர். பின்னால் மூடின இமைக்குள் வேறு ரெண்டு கண் தூங்குகிறது என்று யார் சொன்னார்கள், யாரும் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது, வரும் என்று தெரிந்துதான் கடைசிவரை இதை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாளோ. கையால் திரையை மறைத்தாள். விரலிடுக்கில் சிங்கம் இன்னும் பார்த்தது. எழுந்து தொட்டிலுக்குள் பார்த்தாள், மார்பு ஏறி இறங்குகிறதா, இறங்குகிறது, வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து பார்த்தாள். அப்படியே அனுப்பிவிடலாமா. மோனிஷா ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, அக்கா கண்ணை மட்டும் உட்டுட்டாங்கண்ணா என்று சிரிப்பாள், அவரும் சிரிப்பார். போன் மேசை மேல் அதிர்ந்தது. பூபதியின் நம்பர்.

"அக்கா, நான் மோனிஷா பேசறனுங்க்கா. சிங்கம் ரெடியாங்க்கா? வேன் வந்திருச்சு. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு."

அவர் போனில் அவள். "அவரு எங்க?" என்றாள் சுகிர்தா. குரல் தட்டையாக வந்தது.

"அண்ணா இங்கதானுங்க்கா இருக்காரு. பீன்ஸ் வெட்டீட்டு இருக்காரு, கையெல்லாம் ஈரம். அதான் என்னையப் பேசச் சொன்னாரு."

"யாரு வெட்டறது?"

"அண்ணாதானுங்க்கா. தெனமும் இந்நேரம் அதானே வேலை. ஸ்டிக்கர் அறுக்கற ரப்பர் மேட்டைக் கழுவிப் போட்டு, ஸ்டீல் ஸ்கேலை வெச்சுச் சாய்வா வெட்டுவாரு. பீன்ஸுக்கு எதுக்குண்ணா ஸ்கேலுன்னு நாங்க ஓட்டுவோம். நான் வெட்டறேன்னாலும் உட மாட்டாரு. எனக்கும் வராதுன்னு வைங்க, எங்கம்மா என்னையக் கத்தி கிட்டயே உடாது, போனவாட்டி வெரலை அறுத்துட்டு நாலு தையல்."

பின்னால் பூபதி, "போனைக் குடு கண்ணு, இத்தனை கதை எதுக்கு" என்பது கேட்டது. ஈரக்கையைச் சட்டையில் துடைக்கிற சத்தமோ என்னமோ ஒன்று கேட்டது. சாய்வு. ஸ்டிக்கர் மூலையை எப்போதும் சாய்வாகத்தான் அறுப்பார், நேராக அறுத்தால் மழையில் பிரியும் என்பார், அந்தச் சாய்வை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவள், அதையே தட்டில் போட்டுத் தின்றுவிட்டு இன்னொருத்தியின் கை என்று நினைத்தாளே. இவள் கேட்கவே இல்லை. அவர் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை. ஏனென்றால் சொன்னால், வீட்டில் ஏன் வெட்டவில்லை என்கிற பேச்சு வரும். அப்படியானால் தெரியும். எப்போதிலிருந்து. பையனைக் குளிப்பாட்டுகிற டப்பை எடுக்கப் பரண் மேல் ஏறினாரே, அன்றைக்கா. அதற்கடுத்த தடவை இவள் ஏறிப் பார்த்தபோது அண்டா மூடி கச்சிதமாக மூடியிருந்தது, சாய்த்துத்தானே வைத்தோம் என்று ஒரு கணம் நின்றாள், நாம்தான் மூடியிருப்போம் என்று இறங்கிவிட்டாள். தெரிந்திருக்கிறது. கத்தி, கத்தரி, பிளேடு, நகவெட்டி, எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெண் ஒளித்துவைத்திருப்பதைப் பார்த்தால் எதற்கு என்று எந்த மனுஷனுக்கும் புரியும். புரிந்துகொண்டு மூடியை மூடிவிட்டு இறங்கி, மறுநாள் காலையில் என்ன செய்தார்? பையனைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்து இவள் மடியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குப் போனார். அதற்கு மறுநாளும். இன்றைக்கும். தினமும் எல்லாம் தெரிந்து இவள் மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"அம்மிணி?" என்றார் பூபதி. "என்ன, லைன்ல இருக்கறயா?"

"இருக்கறனுங்க."

"சிங்கம் முடிஞ்சுதா? இல்லாட்டி அப்படியே அனுப்பு, ஒண்ணும் அவசரமில்ல."

"முடிஞ்சுது. கண்ணு மட்டும் பாக்கி." திரையை மறுபடி கையால் மறைத்தாள். "ஒரு மயிரிழை கொறையுமுங்க. கத்தி இல்லாம வெட்டினா அப்படித்தான் வருது."

"கொறையட்டும். கதவு இடுக்கு வெரல் அகலம் இருக்குது, அதுல எங்க தெரியப்போகுது."

"ஏனுங்க."

"சொல்லு."

"அந்தப் பச்சை டப்பாவை யாருங்க கழுவறது?"

"டப்பாவா? மோனிஷா கழுவி வெக்கும். ஏன்?"

"ஒண்ணுமில்ல." ஒன்றுமில்லைதான், ஆனால் இருந்தது, பல்லிடுக்கில் நார் மாதிரி. "நாளைக்கு டப்பா வேண்டாமுங்க. காயை முழுசாவே கொண்டாங்க."

அந்தப் பக்கம் மெஷின் எதையோ அறுத்துக்கொண்டிருந்தது, கொசு மாதிரி, போய்ப் போய்த் திரும்பியது. அவர் அதிலிருந்து தள்ளி நடந்து வெளியே வந்திருக்க வேண்டும், சந்தில் யாரோ தகரம் தட்டுவது கேட்டது.

"முழுசாவா?"

"நீங்க பக்கத்துல உக்காந்திருக்கோணும். பையனைத் தூக்கி வெச்சுக்கிட்டு."

"உக்காந்துக்கறேன்."

"மேல இருக்கறத நீங்கதான் எறக்கித் தரோணும். ஒண்ணே ஒண்ணு. சின்னது."

"சரி." பிறகு, எப்போதும் பேசுகிற அதே குரலில், "இனிமே அண்டாவைச் சாய்ச்சு மூடாத அம்மிணி. பல்லி விழும்."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மறைத்திருந்த கையை எடுத்தாள். சிங்கம் அப்படியேதான் இருந்தது, வாயை மூடிக்கொண்டு, கண்ணின் குறுக்கே அந்தக் கோட்டோடு. பயம் போகவில்லை, பக்கத்தில்தான் இருந்தது, தொட்டில் ஸ்பிரிங் மாதிரி எந்த நேரமும் கிறீச்சிடலாம். அதோடுதான் கழி என்பதை அழுத்தினாள். கருவிழி ரெண்டாக ஆகி, நடுவில் வெள்ளையாக ஒரு மயிரிழை தெரிந்தது. எழுந்து பார்த்தாள். தொட்டிலுக்குள் பையன் விழித்துக்கொண்டு கிடந்தான், அழாமல், விரலை வாயில் வைத்துக்கொண்டு, ரெண்டு கண்ணும் முழுசாக, கன்னத்தில் காலையில் போட்ட அந்தக் கோடு லேசாகக் காய்ந்து. அவள் வந்து சிங்கத்தைக் கடைக்கு அனுப்பினாள், கூட ஒரு வரி: நான் வெட்டினபடியே ஒட்டுங்க, மோனிஷா தொட வேண்டாம்.